வயிறு சரியில்லாத பிள்ளை

சண்முகவடிவுக்குப் பொய் சொல்ல வராது என்று அவள் புருஷன் வீட்டில் ஒரு பேர் உண்டு. அது வீட்டோடு சரி. ஆஸ்பத்திரியில் அந்த மூலை அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் அவளைப் போலப் பொய் கட்ட தூத்துக்குடியிலேயே ஆள் கிடையாது. கட்டாமல் என்ன செய்ய? வாசலில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். உள்ளே வருகிற பெண்களில் ஒருத்திக்காவது வீட்டில் உண்மையைச் சொல்லுகிற நம்பிக்கை இருக்கிறதா என்றால் அதுதான் இல்லை. மாத்திரை முழுங்க ஒரு பொய், மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வர ஒரு பொய், ரத்தம் எடுத்ததற்கு ஒரு பொய். 'ரத்தசோகைன்னு சொல்லு', 'தைராய்டுன்னு சொல்லு' என்று ஆளுக்குத் தக்கபடி அளந்து கொடுப்பாள். நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லுகிற கவுன்சிலர் வேலை என்றால் பாதி அதுதான். எல்லாப் பொய்யும் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, இசக்கிசெல்வி பிள்ளை பெறுகிற வரைக்கும்.

இசக்கிசெல்வி விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுப் பிள்ளை. தாய் செத்து ரொம்பக் காலமாச்சு. அண்ணனும் மயினியும்தான் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் ஜெயகணேஷ் பம்பாயில் ஒரு கடையில் பல வருஷம் நின்றுவிட்டு, தகப்பன் செத்த பிறகு ஊரோடு வந்து தாய்க்குத் துணையாகக் குடும்பக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாசமாக இருக்கிற எல்லோருக்கும் எடுக்கிறது மாதிரி அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அவனைக் கூப்பிட்டு எடுத்தார்கள். அவனுக்கும் இருந்தது. அவன் உடம்பு இருந்த இருப்பைப் பார்த்தால் அது பம்பாய்க் காலத்துச் சங்கதி என்று யாருக்கும் புரியும். புரிந்து என்ன, இவள் கழுத்தில் தாலி ஏறியாச்சே.

அன்றைக்கு ஜெயகணேஷ் இந்த அறையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்து ஒரே ஒரு வாக்குக் கேட்டான்.

"எங்கம்மைக்கு மட்டும் தெரியக்கூடாது மேடம். தெரிஞ்சா நான் கடல்ல போயி விழுந்துருவேன்."

விழுகிறவன் சொல்லிக்கொண்டா விழுவான் என்று சண்முகவடிவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேலை அப்படிப்பட்ட வேலை. விழுங்கிக்கொண்டாள். கட்டினவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார்கள். ஆண் பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். சண்முகவடிவு வார்டுக்கே போய்ப் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாரு இசக்கி. பிள்ளைக்குப் பால் குடுக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆறு மாசம் முடியுத வரைக்கும் ஒம் பால் மட்டும். மட்டும்னா மட்டுந்தான், தண்ணிகூடக் கெடையாது. நீ மாத்திரைய விடக்கூடாது, பிள்ளைக்கு நான் தார சொட்டு மருந்த மறக்கக்கூடாது. இன்னொண்ணு, டப்பாப் பால் மட்டும். அப்பிடின்னா மார்ல வைக்கவே கூடாது. எதுன்னாலும் சரி, அதுல கொஞ்சம் இதுல கொஞ்சம்னு போயிராத. வெளிச்சாமான் உள்ள போனா பிஞ்சுக் குடலு புண்ணாயிரும். அந்தப் புண்ணு வழியா கிருமி ஏறிரும். கலந்தா வினை."

"டப்பாப் பால்ல அது வராதாக்கா?"

"வராது."

"அப்பம் அதையே குடுக்கேன்."

"குடு. ஒங்க அத்தை ஏன்னு கேட்டா?"

மார் ரெண்டும் பால் கட்டிக் கல்லாக நிற்க, பிள்ளைக்கு டப்பா கரைக்கிற மருமகளை எந்த வீடு சும்மா விடும்? பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள், எதிர்வீட்டுக்காரி வந்து உட்காருவாள், 'ஏன், என்னத்துக்கு, டாக்டர் என்ன சொன்னாரு' என்று தோண்டித் துருவி நாலாம் நாள் முடிச்சை அவிழ்த்துவிடுவார்கள். ஊரில் இப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது.

"எம் பாலுல அது இருக்குன்னு தெரிஞ்சே பிள்ளை வாயில வைக்கணுமாக்கா?" என்றாள் இசக்கிசெல்வி. அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

"மாத்திரை போட்டா அது அடங்கிக் கெடக்கும்ளா. பயப்படாம குடு. எத்தனையோ பேரு குடுத்து, பிள்ளைக இன்னைக்குப் பள்ளிக்கூடம் போவுது."

அது சத்தியமான வார்த்தை. இசக்கிசெல்வி கண்ணைத் துடைத்துவிட்டுப் பிள்ளையை மார்பில் அணைத்தாள். அது சப்புக்கொட்டிக் குடிக்கிறதைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள்.

அடுத்தது மாமியார். சீனித்தண்ணி தொட்டு வைக்க வேண்டும், தேன் தடவ வேண்டும் என்று வார்டுக்கு வெளியே மாமியார் சுடலைமாடத்தி நின்றுகொண்டிருந்தாள். இதற்கு ஒரு பொய் வேண்டும். சண்முகவடிவுக்கு அது யோசிக்கவே தேவைப்படாத வேலை. வெளியே வந்து, முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொண்டு, "பிள்ளைக்கு வயிறு சரியில்லம்மா. கொடலு ரொம்ப மெலிசா இருக்கு. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலத் தவிர வேற ஒண்ணும் சேராதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றாள்.

"வயிறா சிஸ்டர்?" என்றாள் சுடலைமாடத்தி. முகம் வாடிவிட்டது.

"வயிறுதான். பயப்பட ஒண்ணுமில்ல. வேற எதுவும் குடுத்துராதீங்க, அது போதும்."

"தாயில்லாப் பிள்ளைன்னு இவளுக்குப் பேறுகாலமே நாந்தான் பாக்கேன். எம் பேரன் வயித்த நான் பாத்துக்கிட மாட்டேனா? நீங்க கவலையே படாதீங்க" என்று சண்முகவடிவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டே சண்முகவடிவு அறைக்குத் திரும்பினாள். நல்ல மனுஷிதான். அதில் ஒரு சந்தேகமும் கிடையாது. அங்கேதான் வினையே.

ஒன்றரை மாசம் கழித்துத் தடுப்பூசிக்கு வந்தார்கள். அன்றைக்குப் பிள்ளையின் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தச் சொட்டு எடுத்து அனுப்ப வேண்டும். ஜெயகணேஷ் வண்டியை நிறுத்தப் போயிருந்தான். சுடலைமாடத்தி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள், இசக்கிசெல்வி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். பிள்ளை கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

சுடலைமாடத்தி மடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இது ஒங்களுக்கு சிஸ்டர். வீட்ல சின்னப் பிள்ளைக இருந்தா குடுங்க. எங்க கடைச் சரக்கு."

அவிழ்த்தால் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய். எல்லாம் வேகவைத்துக் காயப்போட்டு, கல்லில் உரசி நாக்கில் தடவத் தயாராக.

சண்முகவடிவு வசம்பை எடுத்துப் பார்த்தாள். "ஒங்க கடை என்ன கடைம்மா?"

"நாட்டுமருந்துக் கடைல்லா. எங்க மாமனார் காலத்துல இருந்து. பிள்ளை மருந்துன்னா எங்க கடைதான், திருச்செந்தூர்ல இருந்தெல்லாம் தேடி வருவாவ. இந்த ஊர்ல எங்கையால உரைமருந்து குடிக்காத பிள்ளை யாரு இருக்கா?" பெருமையில் அவளுக்கு முகம் பூரித்துப் போயிற்று. "பிள்ளைக்கு வயிறு சரியில்லன்னு நீங்க சொன்னீங்க பாத்தீங்களா, அன்னைக்கே வீட்டுக்குப் போயி உரைகல்லைக் கழுவி வச்சுட்டேன். காலையில ஒரு உரசு, வெளக்கு வைக்கையில ஒரு உரசு. போன வாரம் வயித்தால போச்சு. மருந்தைக் கொஞ்சம் கூட்டுனேன், ஓமத்தண்ணியும் சேத்துக் குடுத்தேன். தெருவுல கழுதைப்பால்காரன் வந்தான், அதுவும் ஒரு சங்கு."

"நான் எதுவும் குடுக்கக்கூடாதுன்னு சொன்னேனேம்மா!" சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

சுடலைமாடத்தி குழம்பிப்போய்ப் பார்த்தாள். "நான் என்ன குடுத்தேன்? தண்ணி ஒரு சொட்டுக் குடுக்கல, சீனி குடுக்கல. மருந்து ஆகாரமா சிஸ்டர்? அதுவும் தாய்ப்பாலப் பீச்சி, அதுலதான உரசுதேன்?"

அவள் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. வயிறு சரியில்லாத பிள்ளைக்கு இந்தச் சீமையில் எந்த வீட்டிலும் உரைமருந்துதான் கொடுப்பார்கள். சண்முகவடிவே அதைக் குடித்து வளர்ந்தவள்தான். ஆற்றங்கரை ஊரில் அவள் அம்மை தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் உரசிக் கொடுத்தவள். எம்.எஸ்.டபிள்யூ படித்து, பயிற்சிக்கு மேல் பயிற்சி போய், கடைசியில் நாட்டுமருந்துக் கடைக்காரியிடம் போய்ப் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்த கதை. என்ன கடை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

"ஊசி போடுத இடத்துல பேரு குடுத்து வைங்கம்மா, கூட்டமாயிரும்" என்று சுடலைமாடத்தியைப் பிள்ளையோடு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஏளா, எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"எப்பிடிக்கா போட? எந்நேரமும் பக்கத்துலயே நிக்காங்க." இசக்கிசெல்வியின் குரலில் உயிரே இல்லை. "வேண்டாம்னு எத்தனையோ மட்டம் சொல்லிட்டேன். 'வயிறு சரியில்லாத பிள்ளைக்கு மருந்து வேண்டாங்கியே, நீ தாயா பேயா'ன்னு கேக்காங்க. என்ன சொல்லட்டும்? வயிறு சரியில்லன்னு நம்மதான சொன்னோம்? அந்த வெரலு பிள்ளை வாய்க்குள்ள போவும்போதெல்லாம் எனக்கு உசுரு போய்ட்டு வருதுக்கா."

"ஜெயகணேஷ்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'ஒரு சொட்டுதான, விடு, அம்மை மனசு நோவும்'னாங்க."

அட மூதி, என்று மனசுக்குள் வைதாள் சண்முகவடிவு. பிறகு பழக்கதோஷம், புத்தி உடனே அடுத்த பொய்யைத் தேடி ஓடியது. "சரி, விடு. டாக்டர வச்சே சொல்லச் சொல்லுதேன். மருந்து சேராமத்தான் வயித்தால போச்சு, இனிமே தொடக்கூடாதுன்னு."

"அத்தைட்டயாக்கா? மருந்து சேரலன்னா அவங்க பக்குவத்த மாத்துவாங்களே தவிர நிறுத்த மாட்டாங்க. இதுல பிறந்து இதுல வளந்தவங்க. நாம ஒரு பொய் சொன்னா அதுக்கு ஒரு மருந்து வச்சிருப்பாங்க." இசக்கிசெல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் உண்மையச் சொல்லிருதேன்."

"அவசரப்படாத இசக்கி. இன்னும் ரெண்டு நாள் யோசிப்போம்."

"ரெண்டு நாள்னா எத்தன உரசுக்கா? ஒங்களுக்கென்ன, நீங்க அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிருவீங்க."

சண்முகவடிவுக்கு அறைந்த மாதிரி இருந்தது. சொல்லாதே என்று தடுக்க அவளிடம் இன்னொரு வழியும் இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்பதை மட்டும் ஒன்றையும் மறைக்காமல் எடுத்துச் சொன்னாள். வையலாம், அடிக்கலாம், வெளியே போ என்று சொல்லலாம். இசக்கிசெல்வி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். பிள்ளை வாயிலிருந்து அந்த விரலை எடுக்க வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் கணக்கு.

ஊசி போட்டு, குதிகாலில் ரத்தமும் எடுத்து முடித்துப் பிள்ளை வீறிட்டு அழுது ஓய்ந்திருந்தது. ஜெயகணேஷும் வந்து சேர்ந்தான். நாலு பேரும் அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் சுடலைமாடத்தி பேரன் காலை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பிள்ளைக்கு வயித்துக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் நோய். எச்.ஐ.வி. இருக்கு. அதான் பிள்ளைக்கு வேற எதுவும் குடுக்கக்கூடாதுன்னது."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ஜெயகணேஷ் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. சுடலைமாடத்தி முதலில் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பிறகு மருமகளைப் பார்க்கவே இல்லை, சண்முகவடிவைப் பார்த்தாள்.

"நெசமா சிஸ்டர்?"

"நெசந்தாம்மா. ஆனா மாத்திரை சாப்பிட்டா ஒண்ணும் செய்யாது, எல்லாரையும் போல..."

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கு இன்னும் தெரியாது. இன்னைக்கு எடுத்த ரத்தம் அதுக்குத்தான்."

சுடலைமாடத்தி கத்துவாள், தலையிலடித்துக்கொண்டு அழுவாள் என்றெல்லாம் சண்முகவடிவு தயாராக இருந்தாள். அவள் அழவில்லை. கடைக்காரி அல்லவா, பதற்றத்திலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"என் வெரலால, நான் குடுத்த மருந்தால, பிள்ளைக்கு வந்துருக்குமா?"

"அப்பிடிச் சொல்ல முடியாதும்மா. தப்பு ஒங்க மேல இல்ல. வயிறு சரியில்லன்னு பொய் சொன்னது நான்."

அது அவள் காதில் ஏறினதாகத் தெரியவில்லை. "இனிமே என்ன செய்யணும்?"

"ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் குடுக்கணும். மருந்து, தண்ணி எதுவும் கூடாது. அவ மாத்திரை சாப்பிடுததால பால் வழியாப் போறது ரொம்ப ரொம்பக் கொறவு."

"கொறவுன்னா? வரவே வராதுன்னு சத்தியமாச் சொல்லுவீங்களா?"

சண்முகவடிவு வாயைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனை பொய். இன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால் காரியம் நடந்திருக்கும். ஆனால் பொய் சொல்லிப் பட்டது இப்போதுதானே, அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. உண்மையைச் சொன்னாள்.

"நூத்துக்கு நூறுன்னு சொல்ல முடியாது."

"டப்பாப் பாலு குடுத்தா?"

"அதுல வராது. ஆனா சுத்தமா கொதிக்கவச்சுக் கரைக்கணும், இல்லன்னா வயித்தோட்டம் வந்து..."

"எங்க வீட்ல வென்னி வைக்க ஆளிருக்கு. டப்பா வாங்க வசதியிருக்கு. பெறகென்ன?" என்று சுடலைமாடத்தி எழுந்துவிட்டாள். "பாலோட எதையும் கலக்கத்தான கூடாதுன்னீங்க? கலக்கல. ஏலே, வண்டிய எடு. பிள்ளைய வீட்டுக்குக் கொண்டு போவோம். இவள அவ அண்ணன் வீட்ல போயி இருக்கச் சொல்லு."

பால் கொடுக்கும் முறையைத் தாய்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சை இந்த அறையில் யாரிடம் போய்ச் சொல்ல?

"அம்மா, பிள்ளையத் தாய்ட்ட இருந்து பிரிக்க ஒங்களுக்கு உரிமை கெடையாது" என்று சண்முகவடிவு குறுக்கே போய் நின்றாள். "பக்கத்துல இருந்தா, தொட்டா, தூக்குனா வராது இந்த நோய். அவளே டப்பாப் பால் குடுக்கட்டும். அவ கையால குடுக்கட்டும்."

"அவ மார்ல பாலு நிக்கி. ராத்திரி பிள்ளை அழுதா வைக்காம இருப்பாளா? நீங்களும் பொம்பளதான, சொல்லுங்க." சுடலைமாடத்தி அப்போதுதான் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, அது கெடக்கட்டும். இத எவன்ட்ட இருந்துளா கொண்டாந்த?"

இசக்கிசெல்வி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவன் நிமிர்வதாக இல்லை.

"ஒங்க மகன்ட்ட கேளுங்க அத்தை."

"ஏ செறுக்கி, எம் மகன் மேலயா பழியப் போடுத? ஏலே, என்னல சொல்லுதா இவ? ஒனக்கும் இருக்கால?"

ஜெயகணேஷ் நிமிர்ந்து, தாயைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றான்.

சின்னச் சத்தத்தில்தான் சொன்னான். ஆனாலும் மற்ற மூணு பேருக்கும் கேட்டது. இசக்கிசெல்வி சட்டென்று சண்முகவடிவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, சொல்லுங்கக்கா. ஒங்களுக்குத் தெரியும்லா? நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க. சொல்லுங்கக்கா!"

சுடலைமாடத்தியும் அவளைத்தான் பார்த்தாள். "சொல்லுங்க சிஸ்டர். எம் மகனுக்கும் இருக்கா?"

ஒருத்தர் ரத்தத்தைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருத்தரிடம் சொல்லக்கூடாது. சட்டம் அது. நல்ல சட்டம். அந்தச் சட்டம் இல்லையென்றால் இந்த அறைக்குள் ஒருத்தரும் வந்து ரத்தம் கொடுக்க மாட்டார்கள். இசக்கிசெல்வியே வந்திருக்க மாட்டாள். எல்லாம் தெரியும். தெரிந்தே அந்தச் சட்டத்தின் மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது சண்முகவடிவுக்கு.

"அத அவருதாம்மா சொல்லணும்" என்றாள். ஜெயகணேஷைப் பார்த்தாள். "ஜெயகணேஷ், இப்பவாவது சொல்லுங்க. ஒங்க பொண்டாட்டி ஒத்தையா நிக்கா."

புத்தியுள்ள தாய்க்கு அதுவே போதும். சுடலைமாடத்திக்கும் புரியாமல் இல்லை. அவள் கண்ணில் என்னமோ ஒரு கணம் கலங்கிவிட்டு அடங்கியதைச் சண்முகவடிவு பார்த்தாள். ஆனால் புரிகிறது வேறு, புரிந்ததாக ஒத்துக்கொள்கிறது வேறு. மகன் இல்லை என்று சொன்ன வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைச் சேலையால் மூடி, கதவைத் திறந்துகொண்டு அவள் போய்விட்டாள். பின்னாலேயே ஜெயகணேஷும் போனான். போகிறவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான், சவம்.

இசக்கிசெல்வி வராந்தா வரைக்கும் ஓடினாள். அதற்கு மேல் ஓடினால் கூட்டம் பார்க்கும், கூட்டம் பார்த்தால் காரணம் கேட்கும். நின்றுவிட்டாள். பிள்ளை அழுகிற சத்தம் படியிறங்கிப் போனது. அவள் ரவிக்கை ரெண்டு பக்கமும் நனைந்து வட்டம் வட்டமாக விரிந்தது.

சண்முகவடிவு சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் சொன்னாள், அவர் ஜெயகணேஷைக் கூப்பிட்டு வைதார். இலவச வக்கீலிடம் பேசினாள், பால்குடிப் பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டும், மனு போட்டால் கிடைக்கும் என்றார் அவர். இசக்கிசெல்விதான் ஒத்துக்கொள்ளவில்லை. "கேஸுன்னா எல்லாத்தையும் எழுதணும்லாக்கா. நாளைக்கு அவன் பெரியவனாயிப் பள்ளிக்கூடம் போவும்போது, நாலு பேரு அவனப் பாத்து என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள். அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு மூலையும், தனித் தட்டும், தனித் தம்ளரும் கிடைத்தன. தெருவில் கேட்டவர்களிடம் சுடலைமாடத்தி, மருமகளுக்கு மஞ்சக்காமாலை, பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று சொன்னாளாம். சண்முகவடிவே கட்டியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக ஒரு பொய் கட்டியிருக்க முடியாது.

பிள்ளையைச் சுடலைமாடத்தி நன்றாகத்தான் வளர்த்தாள், அதையும் சொல்ல வேண்டும். டப்பாப் பாலைத் தவிர உரைமருந்து, ஓமத்தண்ணி எதுவும் தொடவில்லை. உரைகல்லைப் பரண் மேல் தூக்கிப் போட்டுவிட்டாளாம். சொட்டு மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. இதெல்லாம் ஜெயகணேஷ் சொல்லித்தான் தெரியும். அவன் மாதாமாதம் மாத்திரை வாங்க வருவான். தாய்க்குத் தெரியாமல்தான் வருவான். சண்முகவடிவு அவனை உட்காரவைத்து, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, தூக்கம் வருகிறதா என்று கேட்க வேண்டும். கேட்பாள். வேலை அது. போனில் பிள்ளை படத்தைக் காட்டுவான். பார்ப்பாள். "இசக்கிக்கு இந்தப் படத்த அனுப்புனீங்களா?" என்று கேட்டால், "அம்மை போன எடுத்துப் பாக்காங்க மேடம்" என்பான்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பிள்ளைக்குக் கிருமி இல்லை. இன்னும் சோதனைகள் பாக்கி இருந்தன, முழுசாகச் சொல்ல ஒன்றரை வயசாகும். ஆனால் அத்தனை உரசையும், கழுதைப்பாலையும் தாண்டிப் பிள்ளை தப்பியிருந்தது. சண்முகவடிவு அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறையில் யாருமில்லை. மேஜையில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, விளாத்திகுளத்துக்குப் போன் போட்டாள்.

"இசக்கி, வடிவக்கா பேசுதேன். பிள்ளைக்கு இல்லளா. ரிசல்ட் வந்துட்டு. ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"இசக்கி? கேக்கா?"

"கேக்குக்கா." மூச்சை இழுத்து விட்டாள். "நல்லாருப்பீங்கக்கா. முருகா, அது போதும் எனக்கு. அது போதும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, ஒண்ணு கேக்கணும். வேற யார்ட்டயும் கேக்க முடியல."

"கேளு."

"பாலு வத்துததுக்கு மாத்திரை இருக்காக்கா? மயினிக்குப் பிள்ளை பொறந்திருக்கு. அது அழும்போதெல்லாம் எனக்குச் சீல நனஞ்சு போவுது. என்னை அது பக்கத்துலயே விட மாட்டேங்காங்க."

சண்முகவடிவுக்கு மாத்திரை பேர் தெரியும். டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக் கூரியரில் அனுப்பினால் ரெண்டு நாளில் போய்ச் சேர்ந்துவிடும். இருக்கிறது என்று சொல்ல ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தை வாயில் வராமல் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அங்கே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்று இசக்கிசெல்வி கேட்டாள்.